கடலில் நின்ற துணைக்கால்

ஆவரேந்தல்,
16.2.2026

சுகந்தி அவர்களுக்கு,

பாண்டீஸ்வரன் எழுதுவது. எந்தப் பாண்டீஸ்வரன் என்று யோசிக்க வேண்டாம். தை மாதக் கடைசியில் உங்கள் அண்ணன் செல்லச்சாமியோடும் அண்ணியோடும் உப்பூரைத் தாண்டி ஒரு வீட்டுக்கு மாப்பிள்ளை பார்க்க வந்தீர்களே, அந்த வீட்டு மாப்பிள்ளை. காபியில் சர்க்கரை போட மறந்த வீடு.

உங்கள் போனுக்கு அடித்தேன், எடுக்கவில்லை. மறுபடி அடித்தபோது வேறொரு பெண் எடுத்து, "போனெல்லாம் பிஸ்கட் டின்னுக்குள்ள கிடக்கு. வகுப்பு முடிஞ்சாத்தான் குடுப்போம்" என்று சொல்லி வைத்துவிட்டார். அப்புறம் உங்கள் அண்ணனைச் சந்தையில் பார்த்தேன். ராமநாதபுரத்துத் தையல் கடையைப் பூட்டிவிட்டு, அச்சுப் படம் போடக் கற்றுக்கொள்ள ஒரு மாதம் தங்கச்சிமடம் போயிருக்கிறீர்கள் என்றார். முகவரியும் அவர் கொடுத்ததுதான். "கடுதாசி போட்டுப் பாருங்க மாப்ள. போனுன்னா தங்கச்சி கத்தும். கடுதாசில கத்த முடியாதுல்ல" என்றார்.

அன்று நடந்ததை நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். நீங்கள் ஜன்னல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தீர்கள். நக ஓரங்களில் நீல மை இருந்தது. என் அக்கா ராக்கு, சித்தப்பா, தெருக்காரர்கள் எல்லாரும் நான் ஏதாவது பேச வேண்டும் என்று என் வாயையே பார்த்தார்கள். எனக்கு வந்தது ஒன்றே ஒன்றுதான். "அந்தக் கறை போகுமா?" என்று கேட்டேன். கூடத்தில் எல்லாரும் சிரித்தார்கள். நீங்கள் எழுந்து, "கறை போகாது. நான் போறேன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிவிட்டீர்கள்.

அது குத்திக் காட்டக் கேட்ட கேள்வி இல்லை. மிளகாய்க்காரன் கேட்கிற கேள்வி. இப்போது பறிப்புக் காலம். பழம் பறித்த கையில் எரிச்சல் போகவே போகாது. தெரியாமல் கண்ணைத் தொட்டுவிட்டால் அன்றைய பொழுது போச்சு. மோர், சாம்பல், தேங்காய் எண்ணெய் எல்லாம் போட்டுப் பார்த்துவிட்டேன். உங்கள் கையைப் பார்த்ததும், இந்தப் பெண்ணும் எதையோ போட்டுத் தேய்த்துக்கொண்டுதான் இருக்கும், எது கேட்கிறது என்று கேட்கலாமே என்று தோன்றியது. தோன்றியது சரி, கேட்ட விதம்தான் கெட்டுப்போனது.

மாசி முடிவதற்குள் ஒரு முடிவு சொல்லிவிட வேண்டும் என்று அக்கா நிற்கிறாள். பங்குனி பிறந்தால் சிக்கல் ஊர்ப் பக்கம் ஒரு வீட்டுக்குப் பெண் பார்க்கப் போக வேண்டுமாம். எனக்கு அங்கே போக மனசில்லை. நீங்கள் ஒருமுறை திரும்ப வருவீர்களா? சம்மதம் சொல்ல வேண்டாம். உட்கார்ந்து பேசினால் போதும். இந்தத் தடவை சர்க்கரை நானே போடுகிறேன்.

இப்படிக்கு,
பாண்டீஸ்வரன்


தங்கச்சிமடம்,
20.2.2026

பாண்டீஸ்வரன் அவர்களுக்கு,

கடிதம் வந்தது. குண்டு மிளகாய் போடுகிறவர் எழுத்தும் குண்டு குண்டாகவே இருக்கிறது. அண்ணனிடம், கடிதத்திலும் நன்றாகக் கத்த முடியும் என்று சொல்லுங்கள்.

கறை கதையை நம்புகிறேன். பாதி நம்புகிறேன். மீதிப் பாதிக்கு ஒரு கேள்வி இருக்கிறது. எல்லாரும் சிரித்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். எல்லாரும் என்பதில் நீங்கள் இல்லையா? நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். உங்கள் அக்கா சிரித்தது எனக்கு ஒன்றுமே இல்லை. நீங்களும் சிரித்தீர்கள். அது வலித்தது.

எனக்கு வயது முப்பத்துநாலு. என்னைப் பார்க்க வந்தவர்கள் கேட்டதெல்லாம் கல்யாணத்துக்குப் பிறகு எதை எதை விடுவாய் என்றுதான். கடையை விடுவாயா, தனியாகப் பஸ் ஏறுவதை விடுவாயா என்று. அதனால்தான் இந்தத் தடவை நானே பார்க்க வருகிறேன் என்று அடம்பிடித்து உங்கள் வீட்டுக்கு வந்தேன். அங்கேயும் முதல் கேள்வியே எதையோ போக்கச் சொல்லி வந்தது. இந்தக் கறையோடுதான் நான் இருப்பேன். அதைப் போக்கச் சொல்கிற வீடு எனக்கு வேண்டாம்.

என்ன கறை அது என்று நீங்கள் கேட்கவே இல்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன்.

இங்கே பழைய ஐஸ் கம்பெனிக் கட்டடம் ஒன்றை ஷெரின் என்று ஒருத்தி வாடகைக்கு எடுத்து அச்சுக் கூடமாக வைத்திருக்கிறாள். பாம்பன்காரி. சென்னையில் ஓவியம் படித்தவள். நம்மூர் நோன்புக் காலத்தில் வெட்டி வெட்டித் தட்டில் வைத்துக் கொடுப்பார்களே, ஆடுகிற கடல்பாசி, அதைத்தான் கெட்டியாகக் காய்ச்சி அகலமான தட்டில் ஊற்றுகிறோம். சர்க்கரை இல்லாமல், ரோஸ் நிறம் இல்லாமல். இறுகியதும் பனி மூடின கண்ணாடி போல ஆகிவிடும். அதன்மேல் உருளையால் மையை ஓட்டி, இலையோ நூலோ வைத்து, காகிதத்தைப் போர்த்தி, உள்ளங்கையால் மெல்லத் தடவி எடுத்தால் படம். ஒரே ஒரு படம். அதே மாதிரி இன்னொன்று வரவே வராது. தட்டில் மிச்சம் ஒட்டியிருக்கும் மையில் இரண்டாவது காகிதம் வைத்தால், தூக்கத்தில் பார்த்தது போல மங்கலாக ஒன்று விழும். எனக்கு அந்த இரண்டாவதுதான் பிடிக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு மட்டும் வந்துகொண்டிருந்தேன். பிறகு தாங்கவில்லை. கடையைப் பூட்டிவிட்டு வந்துவிட்டேன். காகிதத்தை உரிக்கிற அந்த நிமிஷம் என்ன வரும் என்று யாருக்கும் தெரியாது. போட்டவளுக்கே தெரியாது. வெளியே அலை சத்தம் இருக்கும், நான் மூச்சை நிறுத்தியிருப்பேன்.

மைக்கு நல்லெண்ணெய் தேய்த்துக் கடலை மாவு போட்டுக் கழுவுகிறேன். எரிச்சலுக்குக் கேட்குமா என்று தெரியாது.

வருவேனா என்பதற்கு இப்போது பதில் இல்லை. முதலில் சிரிப்புக்குப் பதில் சொல்லுங்கள்.

சுகந்தி


ஆவரேந்தல்,
24.2.2026

சுகந்தி அவர்களுக்கு,

கடலை மாவு கேட்கிறது. முழுக்க இல்லை, ஆனாலும் கண்ணைக் கசக்கும் அளவுக்குத் தைரியம் வந்திருக்கிறது.

சிரித்தேன். இல்லையென்று சொல்லவில்லை. பயம் வந்தால் எனக்குச் சிரிப்புதான் வரும். சின்ன வயதில் வரப்பில் நல்ல பாம்பு குறுக்கே படுத்திருந்தபோது நின்று சிரித்திருக்கிறேன். என்னைப் பெற்ற அய்யா ஓடி வந்து பாம்பை விட்டுவிட்டு என்னை அடித்தார். அன்றைக்கு உங்களைப் பார்த்தபோது பாம்பைப் பார்த்ததைவிடப் பயமாக இருந்தது. பிடித்துப்போன பயம். இதைக் கூடத்தில் வைத்துச் சொல்ல முடியுமா? எழுதும்போதே காது சுடுகிறது.

உங்களுக்கு வலித்தது என்று எழுதியிருந்ததைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. மன்னியுங்கள்.

வீட்டில் இப்போது வேறொரு தொல்லை. கறை, சிரிப்பு எதுவும் அம்மாவுக்குப் பெரிதாகப் படவில்லை. நீங்கள் கடைசியில் சொன்ன சொல்லைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது.

"ஏலே, கோவிச்சுக்கிட்டுப் போறது பொம்பளப் புள்ளைக்கு உள்ளதுதான். ஆனா வாசல்ல நின்னு 'போறேன்'னுட்டுப் போச்சே. வாரேன்னு ஒரு சொல்லு சொல்லலையே. சாவு வீட்டுலதான்டா சொல்லாமப் போவாக. எங்கனயாச்சும் இப்புடி உண்டா?"

"கோவத்துல வந்த சொல்லும்மா" என்றேன்.

"கோவத்துல எம்புட்டு வேணா வையட்டும். வாரேன்னுட்டு வையட்டும். அந்தப் புள்ள வாயால வாரேன்னு ஒரு சொல்லு வந்தாப் போதும், நானே போயிக் கூட்டியாருவேன்."

இதுதான் நிலைமை. அம்மாவை நினைத்துச் சிரிக்க வேண்டாம். அய்யா இறந்த பிறகு வீட்டை விட்டு யார் வெளியே போனாலும், கடைக்குப் போனாலும், வாரேன் என்று சொல்கிறவரை அது வாசலிலேயே நிற்கும்.

நீங்கள் இலை வைத்து அச்செடுப்பதாக எழுதியிருந்தீர்கள். எங்கள் செடியிலிருந்து மிளகாய் இலை பறித்து, பேப்பருக்குள் வைத்து அனுப்பியிருக்கிறேன். பூச்சி அரிக்காததாகத்தான் பொறுக்கினேன். பிறகு, அரித்த ஓட்டைகூட அச்சில் நன்றாக இருக்குமோ என்று அதிலும் கொஞ்சம் சேர்த்தேன்.

மாசி தேய்ந்துகொண்டிருக்கிறது. ஒரு சொல் எழுதினால் போதும்.

பாண்டீஸ்வரன்


தங்கச்சிமடம்,
28.2.2026

பாண்டீஸ்வரன் அவர்களுக்கு,

பாம்பைப் பார்த்துச் சிரித்த பையனை மன்னித்தாகிவிட்டது. பாம்போடு என்னைச் சேர்த்ததை மட்டும் மனசில் வைத்திருக்கிறேன்.

உங்கள் அம்மா சொன்னது சரி. எங்கள் வீட்டிலும் அப்படித்தான். 'போறேன்' என்று சொன்னால் வாயில் போடுவார்கள். தெரிந்தேதான் சொன்னேன். படியிறங்கும்போதே நாக்கில் கசந்தது, ஆனால் திரும்பி வந்து மாற்றிச் சொல்ல வீம்பு விடவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, யாருக்கும் கேட்காமல் 'வாரேன்' என்றேன். அதுவும் உப்பூர் தாண்டின பிறகுதான்.

நேற்று ஷெரின் எங்களைத் தனுஷ்கோடிக்குக் கூட்டிப்போனாள். சாலை போய் முடிகிற இடத்தில் மணல் நாக்கு மாதிரி நீண்டு கிடக்கிறது. ஒரு பக்கம் சத்தமே இல்லாத கடல், இன்னொரு பக்கம் மூர்க்கமாக உருண்டு வருகிற கடல். சும்மா கிடப்பதைப் பெண் கடல் என்றும், கத்துவதை ஆண் கடல் என்றும் அங்கே சொல்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. நம் இரண்டு பேரில் கத்தினது யார்? வெயில் வெள்ளையாக விழுந்து, எது தண்ணீர், எது வானம் என்றே தெரியவில்லை. நான் ஒரு கால் இந்தப் பக்கம், ஒரு கால் அந்தப் பக்கம் வைத்து நின்றுகொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஷெரின் வந்து, "ஏய், பஸ்ஸு போயிரும், கனவ அங்கன கட்டிப் போட்டுட்டு வா" என்று இழுத்துக்கொண்டு போனாள்.

வந்ததும் தட்டு முழுக்க நீல மை ஓட்டினேன். இதில் படம் போடுவது என்றால் மையைத் துடைத்து எடுப்பதுதான். துடைத்த இடம் வெளிச்சம், விட்ட இடம் இருட்டு. காது குடையும் பஞ்சுக் குச்சியால் இரண்டு கடலையும் துடைத்து எடுத்தேன். உங்கள் மிளகாய் இலைகளை அதில் மிதக்க விட்டேன், மீனாகிவிட்டன. பூச்சி அரித்த இலைக்குக் கண் கூட இருக்கிறது.

அந்தக் கடலில்தான் நீங்கள் கேட்ட சொல்லும் இருக்கிறது. அச்சில் எல்லாம் இடம் வலம் மாறி விழும். அதனால் ஒவ்வோர் எழுத்தையும் கண்ணாடியில் தெரிகிற மாதிரி திருப்பிப் போட்டு, வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கமாக எழுதினேன். ஆரி எம்ப்ராய்டரி போடுகிறவளுக்கு இதெல்லாம் கைவந்த கலை என்று வைத்துக்கொள்ளுங்கள். யாருக்கும் காட்டவில்லை. காய்ந்த கையோடு சுருட்டி உறையில் போட்டுவிட்டேன். தெளிவான முதல் படம் உங்களுக்கு. மங்கலான இரண்டாவதை என் படுக்கை பக்கத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறேன்.

வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். உங்கள் அக்காவிடம் காட்ட வேண்டாம்.

சுகந்தி


ஆவரேந்தல்,
4.3.2026

சுகந்தி அவர்களுக்கு,

படம் வந்தது. களத்து மேட்டில் வைத்து உறையைப் பிரித்தேன். சுற்றிலும் சிவப்பாக மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது. அதன் நடுவில் உங்கள் நீலத்தை விரித்ததும் எனக்குக் கொஞ்ச நேரம் கண் கூசியது. இலைகளை மீன் என்று நீங்கள் எழுதியிருக்காவிட்டாலும் மீன் என்றுதான் சொல்லியிருப்பேன். இடது ஓரத்தில் கடலுக்குள் தலை வளைந்த விளக்குக் கம்பம் ஒன்று தனியாக நிற்கிறது. எழுத்துக்கு மேலே ஒரு நட்சத்திரம். அதுவும் எனக்குப் பிடித்தது.

நடுவில் உள்ள சொல்லைத்தான் நம்ப முடியவில்லை. திரும்பவும் படித்தேன். 'வரனே' என்று எழுதியிருக்கிறீர்கள்.

வாரேன் என்று ஒரு சொல் கேட்டேன். நீங்கள் வரனே என்று கூப்பிட்டிருக்கிறீர்கள். என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. தரகர்கள் 'உப்பூர்ப் பக்கம் ஒரு வரன் இருக்கு' என்று என்னைப் பற்றி யாரிடமோ சொல்வார்கள், அவ்வளவுதான். நேராகப் பார்த்து, கடலுக்கு நடுவில் நிற்க வைத்து, வரனே என்று... நான் களத்திலேயே உட்கார்ந்துவிட்டேன், மிளகாய் மேல். அதன் பலனை அன்று முழுக்க அனுபவித்தேன்.

இனிமேல்தான் சிக்கல். அக்காவிடம் காட்டவில்லை, அம்மாவிடம் காட்டினேன். அம்மாவுக்குப் படிக்க வராது, வாசித்துச் சொன்னேன். அது முந்தானையால் வாயை மூடிக்கொண்டது. அப்புறம், "வாரேன்னு சொல்லலையேன்னு நெனச்சேன். அதுக்கு மேலயே சொல்லிருச்சே" என்று அழுதது. சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. பூசாரியிடம் அம்மா பங்குனியில் நிச்சயப் பூ வைக்க நல்ல நாள் கேட்டிருக்கிறது.

அக்கா வந்து படத்தைப் பார்த்தாள். அவள் சொன்னதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. "ஏலே லூசு, இது நக்கலு. 'அடேய் மாப்புள'ன்னு கூப்புடுற மாதிரி கூப்புட்டுருக்கு. நாம அதப் பாத்துச் சிரிச்சதுக்கு இப்ப உன்னயப் பாத்துப் பதிலுக்குச் சிரிக்குது" என்றாள்.

நக்கலா? அப்படி இருந்தால் எனக்குக் கோபம் இல்லை, கேட்டுக்கொள்கிறேன். அம்மாவை மட்டும் இப்போதே நிறுத்த வேண்டும். நிஜமா? நிஜமென்றால் அதையும் ஒருமுறை எழுதிவிடுங்கள். கடலில் எழுதினதை நம்புவதற்கு எனக்குக் கொஞ்சம் துணை வேண்டியிருக்கிறது.

பாண்டீஸ்வரன்


தங்கச்சிமடம்,
7.3.2026

பாண்டீஸ்வரன் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்து எனக்கு ஒன்றும் புரியவில்லை. வரனே என்று நான் எழுதவே இல்லை. ஓடிப்போய்ச் சுவரில் ஒட்டியிருந்த இரண்டாவது படத்தைப் பார்த்தேன். வாரேன் என்றுதான் தெரிந்தது. நான் எழுத நினைத்ததுதானே என் கண்ணுக்குத் தெரியும். ஷெரினைக் கூப்பிட்டு, "இது என்ன எழுத்து, படி" என்றேன். எடுத்த எடுப்பில், "வரனே. யாருடி அந்த வரன்?" என்றாள்.

பிறகு அவள்தான் கண்டுபிடித்தாள். ஒவ்வோர் எழுத்தையும் சரியாகத் திருப்பிப் போட்டிருக்கிறேன். வலமிருந்து இடமாகவும் சரியாகப் போயிருக்கிறேன். ஆனால் 'ரே' எழுதும்போது, பள்ளிக்கூடத்தில் பழகின கை, கொம்பை வழக்கம் போல ர-வுக்கு இடப்பக்கமே போட்டுவிட்டது. திருப்பி எழுதுகிற இடத்தில் அது வலப்பக்கம் நின்றிருக்க வேண்டும். அச்சு விழுந்ததும் கொம்பு ர-வை விட்டுவிட்டு ன-வோடு போய்ச் சேர்ந்துகொண்டது. 'வா'வின் துணைக்காலும் அதே மாதிரி மறுபக்கம் தாவி, தனியாகக் கடலில் போய் நின்றுவிட்டது. நீங்கள் பார்த்த விளக்குக் கம்பம் அதுதான். நட்சத்திரம், ன்-னுடைய புள்ளி.

ஷெரின் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "இங்கிலீஷ்காரன் தலைகீழா நின்னாலும் இந்தத் தப்பு பண்ண முடியாதுடி. கொம்பும் காலும் நமக்குத்தான" என்றாள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருக்கும்போது அழுகை வந்துவிட்டது.

ஏனென்றால் உங்கள் அம்மா அழுதிருக்கிறது. நீங்கள் மிளகாய் மேல் உட்கார்ந்திருக்கிறீர்கள். இரண்டும் நான் எழுதாத ஒரு சொல்லுக்காக.

நக்கல் இல்லை, சத்தியமாக இல்லை. ஆனால் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். நான் எழுதியது வாரேன் மட்டும்தான். ஒருமுறை வாரேன், உட்கார்ந்து பேசலாம், 'போறேன்' என்று சொன்னதை அழித்துவிடலாம், அவ்வளவுதான் அதில் இருந்தது. வரனே என்று எழுதுகிற தைரியம் எனக்கு இல்லை. நீங்கள் நல்லவர் என்று உங்கள் கடிதம் சொல்கிறது. ஆனால் ஒரு வீடு முழுக்கச் சிரித்தபோது அந்த வீட்டில் நான் இருந்தேன். பூ வைக்க நாள் கேட்டது எனக்குப் பயமாக இருக்கிறது, கொஞ்சம் கோபமாகவும் இருக்கிறது. என்னைக் கேட்கவில்லையே.

அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். எனக்காக இதைச் செய்யுங்கள். அச்சில் திருத்தவே முடியாது என்று ஷெரின் சொல்வாள். தட்டு வேண்டுமானால் உடைந்த பிறகு உருக்கி மறுபடி ஊற்றலாம், காகிதத்தில் விழுந்தது விழுந்ததுதான். இந்த ஒன்றை மட்டும் திருத்த முடியாதா என்று பார்க்கிறேன்.

சுகந்தி


ஆவரேந்தல்,
10.3.2026

சுகந்தி அவர்களுக்கு,

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். எப்படிச் சொல்வது என்று தெரியாமல், கொம்பு, துணைக்கால் என்று தரையில் சாம்பலால் எழுதிக் காட்டினேன். படிக்கத் தெரியாத ஆளிடம் எழுத்துப் பிழையை விளக்குவது எவ்வளவு கஷ்டம் என்று யாருக்கும் தெரியாது. அம்மா சாம்பல் எழுத்தை விரலால் தொட்டுப் பார்த்தது. பிறகு கேட்டது:

"அப்ப அந்தப் புள்ள என்னதான் எழுதுச்சு?"

"வாரேன்னு."

"நெசமாவா?"

"நெசமா."

"அதத்தானடா நான் மொத மொதக் கேட்டேன்" என்றது. எழுந்து போய் உலை வைத்துவிட்டது.

நாள் கேட்டதை நிறுத்தியாகிவிட்டது. உங்களைக் கேட்காமல் கேட்டது தப்புதான் என்று அம்மா ஒத்துக்கொண்டது. தெருவில் உங்கள் பெயர் அடிபடக் கூடாது. அதனால் நானே ஒவ்வொரு வீடாகப் போய், 'அது வேற சொல்லு, நான்தான் ஆசையில தப்பாப் படிச்சுட்டேன்' என்று சொன்னேன். இப்போது ஊரில் எனக்குப் புதுப் பெயர் வந்துவிட்டது. டீக்கடைக்குப் போனால், "வாங்க அச்சுப் பிழை, என்ன சாப்பிடுறீக?" என்கிறார்கள். எனக்குச் சிரிப்புதான் வருகிறது. இது பயத்துச் சிரிப்பு இல்லை.

அக்காவிடமும் பேசினேன். கூடத்தில் எல்லார் முன்னும் வைத்துப் பேசினேன், நீங்கள் உட்கார்ந்திருந்த அதே நாற்காலிக்குப் பக்கத்தில். அன்றைக்குச் சிரித்தது தப்பு, நான் சிரித்தது அதைவிடத் தப்பு என்றேன். சிக்கல் வீட்டுக்கு நான் வரவில்லை, ஆள் விட்டுச் சொல்லிவிடு என்றும் சொன்னேன். இதற்கும் நீங்கள் வருவதற்கும் சம்பந்தமில்லை. நீங்கள் வராவிட்டாலும் அங்கே போகப் போவதில்லை.

இன்னொன்று. நீங்கள் எழுதியது எப்படி இருந்திருக்கும் என்று பார்க்க ஆசையாக இருந்தது. படத்தை எடுத்துக்கொண்டு போய் என் வண்டியின் கண்ணாடிக்கு நேரே பிடித்தேன். கண்ணாடியில் கடல் இரண்டும் இடம் மாறின. கம்பம் போய் வ-வுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டது, கொம்பு ர-விடம் திரும்பிவிட்டது. வலப்பக்கமிருந்து ஒவ்வொன்றாகப் படித்தேன். வா. ரே. ன். குனிந்துகொண்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு, பஞ்சுக் குச்சியால் நீங்கள் தட்டில் பார்த்ததை அப்படியே நானும் பார்த்தேன் என்று நினைத்துக்கொண்டேன். அந்தச் சொல் போதும் எனக்கு. வரனே என்பது கடல் சொன்னது. வாரேன் என்பதுதான் நீங்கள் சொன்னது.

களத்துக்கு மேற்கே ஒரு கொட்டகை இருக்கிறது. மிளகாய் ஏற்றின பிறகு அடுத்த விளைச்சல் வரை காலியாகத்தான் கிடக்கும். அச்சுப் போட ஏற்ற இடம், தண்ணீரும் பக்கத்திலேயே இருக்கிறது. ஆசை காட்டுவதற்காகச் சொல்லவில்லை. வந்தால் அதையும் பார்க்கலாம் என்று சொல்கிறேன்.

படத்தைத் திருப்பி அனுப்பச் சொல்வீர்களோ என்று பயமாக இருக்கிறது. சொல்லாதீர்கள்.

பாண்டீஸ்வரன்


தங்கச்சிமடம்,
13.3.2026

அச்சுப் பிழை அவர்களுக்கு,

படம் உங்களுக்குத்தான், வைத்துக்கொள்ளுங்கள்.

வீடு வீடாகப் போய்த் தப்பாகப் படித்தேன் என்று சொன்னீர்களா? நீங்கள் சரியாகத்தான் படித்தீர்கள். தப்பு முழுக்க என்னுடையது. இதுவரை என்னைப் பார்க்க வந்தவர்களில் என் தப்பைத் தன் தலையில் போட்டுக்கொண்டு டீக்கடை வரை சுமந்தவர் யாரும் இல்லை. உங்கள் கடிதத்தைக் கடற்கரையில் உட்கார்ந்து படித்தேன். கூடத்தில் அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று பேசினதைப் படித்தபோது, தண்ணீர் காலை நனைத்ததுகூடத் தெரியவில்லை. செருப்பில் ஒன்றைக் கடல் கொண்டுபோய்விட்டது. பெண் கடல்தான், அதற்கும் ஆசை இருக்கும்போல.

பயிற்சி முடிந்துவிட்டது. இன்று தட்டுகளை எல்லாம் வெட்டிப் பெரிய பானையில் போட்டு உருக்கினோம். ஒரு மாதமாக அவற்றின்மேல் விழுந்த இலை, மீன், முகம் எல்லாமே மெல்லக் கரைந்து, கலங்கின தண்ணீராகிவிட்டன. ஆவி எழுந்து ஜன்னல் வழியாகக் கடலுக்குப் போனது. நான் பானையையே பார்த்துக்கொண்டு நின்றேன். அப்புறம் ஷெரினிடம், "கடைசியா ஒரே ஒரு தட்டு ஊத்திக் குடு" என்றேன்.

"அந்தச் சொல்லத் திருத்தப் போறியாக்கும்?" என்றாள்.

"ஆமா" என்றேன்.

அப்போது திருத்தத்தான் நினைத்தேன். முதலில் ஒரு காகிதத்தில் எழுதி, கண்ணாடியில் காட்டி, கொம்பு எங்கே, துணைக்கால் எங்கே என்று தையல் அளவு போல எல்லாம் குறித்துக்கொண்டேன். மையை ஓட்டினேன். பஞ்சுக் குச்சியை எடுத்தேன். 'வ' போட்டேன். துணைக்கால் போட வேண்டிய இடத்துக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. எனக்குத் தைரியம் இல்லை என்று உங்களுக்கு எழுதினேனே, அது அப்போது உண்மை. குச்சியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தபோது, அது இப்போதும் உண்மையா என்று பார்த்தேன். இல்லை.

துணைக்காலைப் போடாமலே மேலே எழுதினேன்.

அந்த அச்சு இதோடு இருக்கிறது. இதிலும் இரண்டு கடல் இருக்கிறது. விளக்குக் கம்பம் இல்லை, நட்சத்திரமும் இல்லை. கொம்பு ன-வோடு நிற்கிறது, அதை அங்கே தெரிந்தேதான் வைத்தேன். அதே சொல்தான். இந்தத் தடவை கடல் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். ஷெரினிடம் காட்டிப் படிக்கச் சொன்னேன், சத்தமாகப் படித்தாள். உங்கள் அக்காவிடமும் காட்டலாம். கண்ணாடி வேண்டாம், நேராகவே படியுங்கள்.

பூ வைக்கிற நாளை நாம் எல்லாரும் உட்கார்ந்து பேசிப் பார்க்கலாம், என்னையும் கேட்டு. கொட்டகையையும் பார்க்க வேண்டும். மேற்கு வெயில் விழுமா என்று பார்த்து வையுங்கள், மை சீக்கிரம் காய்ந்துவிடும்.

பங்குனி பிறந்த மறுவாரம் அண்ணனோடு வருகிறேன். கையில் கறை இருக்கும்.

அம்மாவை வாசலில் நிற்க வைக்க வேண்டாம். உள்ளே போய் உட்காரச் சொல்லுங்கள். நான் சொன்னேன் என்று சொல்லுங்கள்,

வாரேன்.

சுகந்தி